பசியாறிய பிறகு சொல்லும் சேதி

அவர் யாரையாவது பார்த்து, “வா, பசியாறலாம்” என்று கூப்பிட்டால் எங்கள் தோட்டமே பதறும். போலீஸ் ஜீப் எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குள் வந்தால்கூட அவ்வளவு பயம் வராது. சாப்பிடக் கூப்பிடுகிற ஒரு மனிதரைக் கண்டு ஒரு தோட்டமே நடுங்கியது என்று சொன்னால் வெளியாட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் யாருக்கும் அவர் கையால் ரொட்டி சானாய் கிடைத்ததில்லை.

மலேசியாவில், மலாக்கா மாநிலத்து ஜாசின் பக்கம் இருந்தது எங்கள் தோட்டம். ரப்பர்ப் பால்மரங்களை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்ட பிறகு, எங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கியிருந்தோம். எங்களை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டியவர் அவர். எங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். கல்யாணம் கட்டவில்லை. சன்னலில் கை வைத்து ஓட்டி ஓட்டி வலது கை மட்டும் இடது கையைவிட இரண்டு மடங்கு கறுத்திருக்கும். தோளில் எப்போதும் ஒரு துண்டு. பெயர் இருந்தது, சொல்ல மனமில்லை. எல்லோருக்கும் அவர் ‘அண்ணே’தான்.

தோட்டத்தில் கடை வாசலில் ஒரே ஒரு தொலைபேசி. சாவோ விபத்தோ, சேதி எதுவானாலும் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அவரைத்தான் தேடுவார். வேன் அவரிடம் இருந்தது. யார் எந்தத் தொழிற்சாலையில், எந்த ஷிப்டில் என்பதும் அவருக்குத்தான் தெரியும். அப்படித்தான் அந்த வேலை அவர் தலையில் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் முணுமுணுத்திருப்பார்கள். அவர் அதை ஒரு கடமையாகவே எடுத்துக்கொண்டார். அதற்கென்று ஒரு முறையும் வைத்துக்கொண்டார். ஆளை வேலையிடத்திலிருந்து அழைத்து வருவார். வழியில் சாலையோர ஒட்டுக்கடையில் நிறுத்துவார். வயிறு நிறையச் சாப்பிட வைப்பார். தண்ணீர் குடித்துக் கை கழுவிய பிறகு, வேனுக்குள் உட்கார வைத்துச் சொல்வார்.

“சேதிய சொல்லிட்டா அப்புறம் எவன்டா சாப்புடுவான்?” என்று என்னிடம் ஒரு முறை விளக்கினார். “சாவு வீட்டுல அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க. பொணத்த எடுக்குற வரைக்கும் வரக்காப்பிதான். வெறும் வயித்துல எவ்வளவு நேரம் அழுவ முடியும்? செத்தவங்க எங்கயும் ஓடிட மாட்டாங்க லா. அரை மணி நேரத்துல என்னா ஆயிடப் போவுது?”

அவருடைய அம்மா இறந்தபோது அவர் பால்மரம் சீவிக்கொண்டிருந்த பையன். விடியற்காலையில், வெறும் வயிற்றோடு நின்றவனிடம் வேலை வாங்கும் மண்டோர், மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கத்திச் சொன்னாராம். மறுநாள் குழிமேட்டில் பசி மயக்கத்தில் விழுந்து, அம்மாவுக்கு மண் போடக்கூட முடியாமல் தூக்கி வந்தார்களாம். இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

என் அப்பா போனது ஒரு வெள்ளிக்கிழமை. நான் காலை ஷிப்டில் இருந்தேன். சூப்பர்வைசர் வந்து வெளியே யாரோ தேடுவதாகச் சொன்னார். வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். “ஒன்னுமில்ல லா, வா பசியாறலாம்” என்றார். அப்பா நல்ல திடகாத்திரமான ஆள். அவர் முறையும் அப்போது எனக்குத் தெரியாது; சாவு என்ற எண்ணமே வரவில்லை. அவர் ரொட்டி சானாயைப் பிய்த்துப் பிய்த்து என் தட்டில் போட்டார், சின்னப் பிள்ளைக்குப் போடுவது போல. நான் இன்னொன்று கேட்டேன். அதையும் வாங்கிக் கொடுத்து, நான் தின்று முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நுரை வர ஆற்றிய தே தாரேக் தேநீரும் குடித்தேன். அன்று பகல் முழுக்கவும் இரவும் மறுநாள் காலையும் நான்தான் ஓடி ஓடி எல்லாக் காரியமும் செய்தேன். என் கால்கள் தடுமாறவில்லை. அந்த இரண்டாவது ரொட்டியைக் கேட்டதற்காக என்னை நானே காறித் துப்பிக்கொண்டாலும், அவர்மேல் எனக்கிருந்த நன்றி கொஞ்சமும் குறையவில்லை.

வேடிக்கையும் நடந்திருக்கிறது. தன் அக்கா மகள் பரீட்சையில் தேறிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் எங்கள் கூட்டாளி செல்வத்தைப் பிடித்து, “வாடா, நாசி கண்டார் சாப்புடலாம்” என்றிருக்கிறார். செல்வம் அந்த இடத்திலேயே மடிந்து உட்கார்ந்துவிட்டான். “யாருண்ணே? அம்மாவா?” என்று கேட்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டான். கடைக்காரர் கரண்டியோடு வெளியே ஓடிவந்தார். இவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, “நான் சோறு வாங்கிக் குடுத்தாலே சாவுன்னு ஆயிடுச்சாடா?” என்று கேட்டார்.

ஒரே ஒரு தடவைதான் எனக்கு உறுத்தியது. எங்களோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் அப்பா மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தார். செத்துவிடவில்லை. மகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவருக்குச் சாவு வேறு, இது வேறு என்ற கணக்கே இல்லை. அவளையும் கடையில் உட்கார வைத்து மீ கோரேங் சாப்பிட வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டிலில் துணி போர்த்தியிருந்தார்கள். அந்தப் பெண் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் சாயங்காலம் தயங்கித் தயங்கி, “நேரா கூட்டிட்டுப் போயிருக்கலாமேண்ணே” என்றேன். “விதி லா” என்றார். துண்டால் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முறையை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

எங்கள் கூட்டாளி தேவனின் அம்மா மட்டும் அவரைக் குலதெய்வம் மாதிரி மதித்தார். லோரி விபத்தில் அந்தம்மாவின் கணவர் செத்தபோது, காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவரை மர நிழலில் உட்கார வைத்து, மைலோவில் ரொட்டியைத் தொட்டுத் தொட்டுக் கொடுத்துவிட்டுத்தான் இவர் சொன்னார். “என் கூடப் பொறந்தவன்கூட அப்புடிச் செஞ்சிருக்க மாட்டான்” என்று அந்தம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அன்று முதல் இவருக்கு அவர் அக்கா.

தேவன் அந்தம்மாவுக்கு ஒரே பிள்ளை. எங்கள் கூட்டத்தில் வாய் அதிகம், பயம் குறைவு. அவன் வேலை பார்த்த இடத்தில் இருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் நாட்டுக்குத் திரும்பும்போது, அலைமேல் நின்று சறுக்குகிற, ஒட்டுப் போட்ட பழைய அலைப்பலகை ஒன்றை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து பைத்தியம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பலகையை வேன் கூரையில் கட்டிக்கொண்டு தங்கா பத்து கடற்கரைக்குப் போவோம். மலாக்கா கடலில் அலை ஏது? குளம் மாதிரி கிடக்கும். தூரத்தில் கப்பல் போனால் கொஞ்சம் தண்ணீர் ஆடும். தேவன் அதில் குப்புறப் படுத்து மிதப்பான். மலாய்க்காரப் பிள்ளைகள் கரையில் நின்று கை தட்டுவார்கள். அண்ணன் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, “டேய் தேவா, அலை வர்றதுக்குள்ள சோறு ஆறிடும், வாடா!” என்பார். “அண்ணே, சாப்புடக் கூப்புடாதீங்க, எனக்கு பயமா இருக்கு” என்று இவன் தண்ணீரிலிருந்தே கத்துவான்.

அலை வேண்டுமென்றால் கிழக்குக் கரைக்குத்தான் போக வேண்டும். மழைக்காலம் முடிகிற சமயத்தில் மெர்சிங்கைத் தாண்டி இருக்கும் தீவுகளில் நல்ல அலை எழும்பும் என்று எஞ்சினியர் சொல்லியிருந்தார். சீனப் பெருநாளுக்குத் தொழிற்சாலை மூடியபோது நாங்கள் கிளம்பத் தயாரானோம். தேவனின் அம்மா விடுவதாக இல்லை. “நீச்சலே ஒழுங்கா தெரியாது, இவனுக்கு என்னா கடலு?” என்று சத்தம் போட்டார். கடைசியில் அண்ணனைப் பார்த்து, “நீ கூடப் போறன்னா விடுறேன் தம்பி” என்றார். அண்ணனுக்குக் கடல் என்றால் ஆகாது. கணுக்கால் நனைந்தாலே துண்டால் துடைத்துக்கொள்கிற ஆள். ஆனாலும், “நான் பாத்துக்குறேன்கா” என்று சொல்லிவிட்டார்.

குளுவாங் வழியாக மெர்சிங் போனோம். அவர், தேவன், செல்வம், நான். வயதான மலாய்க்காரர் ஒருவரின் மீன்பிடிப் படகைப் பேசி ஏறினோம். தியோமான் தீவின் மலையைத் தூரத்தில் விட்டுவிட்டு, ஆள் குடியில்லாத ஒரு சின்னத் தீவில் இறங்கியபோது செல்வமும் அண்ணனும் குடல் வெளியே வருகிற அளவுக்கு வாந்தி எடுத்திருந்தார்கள். தென்னை, பாறை, வெள்ளை மணல். எங்கள் தங்கா பத்துக் கடலுக்குப் பழகிய கண்ணுக்கு அந்த அலைகள் மிரட்டலாகத்தான் இருந்தன. அன்று மாலை தேவன் விழுந்து, எழுந்து, உப்புத் தண்ணீர் குடித்து, கடைசியாக ஒரு அலையில் பலகைமேல் நிமிர்ந்து நின்றான். கொஞ்ச நேரம்தான். “அண்ணே, பாத்தீங்களா!” என்று அவன் போட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. அண்ணன் கரையில் நின்று துண்டைச் சுழற்றி ஆட்டினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை எங்களுக்கு முன்பே அவர் எழுந்து அடுப்பு மூட்டினார். நாங்கள் பாக்சிக் என்று கூப்பிட்ட படகுக்காரப் பெரியவர், பாறைக்கு அந்தப் பக்கம் நங்கூரம் போட்டிருந்தார். அவர் நடந்து வந்து அண்ணனிடம் ஏதோ பேசியதை நான் கூடாரத்துக்குள்ளிருந்து பார்த்தேன். வலது பக்கம் கையை நீட்டி நீட்டிப் பேசினார். அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பாக்சிக் படகுக்குத் திரும்பிவிட்டார்.

சார்டின் சம்பலும் ரொட்டியும். அண்ணன் எனக்கும் செல்வத்துக்கும் தட்டில் வைத்துக் கொடுத்தார். தேவன் பலகையைத் தூக்கிக்கொண்டு வலது பக்கமாக நடந்தான். அங்கேதான் அலை உயரமாக இருந்தது.

“டேய் தேவா! பசியாறிட்டுப் போடா!” என்றார் அண்ணன்.

“ஒரே ஒரு அலைண்ணே! வந்துர்றேன்!”

“வாடா லா! ரொட்டி ஆறிப் போவுது!”

அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அண்ணன் எழுந்து நின்று இன்னொரு தடவையும் கூப்பிட்டார். சாப்பிடத்தான் கூப்பிட்டார். போகாதே என்று சொல்லவில்லை. தான் தின்ன ஆரம்பித்தால் அவன் வந்துவிடுவான் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

பலகை மட்டும் தனியாக மிதப்பதை முதலில் செல்வம்தான் பார்த்தான். அதற்கும் அப்பால், நம்ப முடியாத தூரத்தில் ஒரு தலை தெரிந்தது. கை ஒன்று மேலே வந்தது. நாங்கள் மூவரும் கத்திக்கொண்டு ஓடினோம். பாக்சிக் படகை எடுத்துக்கொண்டு சுற்றி வருவதற்குள் கையும் இல்லை, தலையும் இல்லை.

படகில் எங்களை ஏற்றிய பாக்சிக், அண்ணனைப் பார்த்துக் குரல் உடையக் கத்தினார். “சாயா சுடா சக்காப் பாகி தாடி!” காலையிலேயே சொன்னேனே, காலையிலேயே சொன்னேனே என்று திரும்பத் திரும்ப. அவர் சொல்லியிருந்தது இதுதான். வலது பக்கம் பாறைக்கு நடுவில் தண்ணீர் வெளியே இழுக்கும், யாரும் இறங்க வேண்டாம். சில நாள் முன்னால்தான் ஒரு மீனவரை அங்கே இழுத்துப் போயிருக்கிறது, அவர் உடம்பு இன்னும் கிடைக்கவில்லை.

அண்ணன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “சாவு சேதிடா அது” என்றார். “விடிஞ்சதும் வெறும் வயித்துல எப்புடிச் சொல்றது? பசியாறுனதும் சொல்லலாம்னு இருந்தேன்.”

அவர் வாயோரத்தில் சார்டின் குழம்பு ஒட்டியிருந்தது. எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. என் அப்பா செத்த அன்று எனக்கு ரொட்டி பிய்த்துப் போட்ட அதே கைதான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் உதறவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

பிறகு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். தேவன் கிடைக்கவேயில்லை. கடல் போலீஸும் தேடியது, மீனவர்களும் தேடினார்கள். உடம்பு இல்லாமலேயே கருமாதி செய்தார்கள். அண்ணன் வேன் வேலையை விட்டுவிட்டு ஆயர் குரோவில் ஏதோ ஒரு தாமான் குடியிருப்பில் காவலுக்குப் போனார். அதற்குப் பின் சேதி சொல்ல அவரை யாரும் கூப்பிடவில்லை, அவரும் போகவில்லை. சில வருஷம் கழித்து அவர் செத்ததை யாரோ எனக்குப் போனில் ஒரே வரியில் சொன்னார்கள். நான் போகவில்லை. தோட்டத்துச் சனங்கள் அவரைப் பற்றிப் பேசினால் நல்லவர் என்றுதான் இன்றும் பேசுகிறார்கள். நல்லவர்தான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

சொல்ல வந்தது மெர்சிங்கிலிருந்து நாங்கள் திரும்பிய நாளைப் பற்றி.

செல்வம் போலீஸ் தகவலுக்காக அங்கேயே தங்கிவிட்டான். அண்ணனும் நானும் மட்டும் வேனில் வந்தோம். போன் செய்து சொல்லிவிடலாம் என்றேன். “நான் கூட்டிட்டுப் போன புள்ள. நான்தான் நேர்ல போயி சொல்லணும்” என்றார். வழியில் குளுவாங்கில் கடைகள் திறந்திருந்தன. எங்கும் நிறுத்தவில்லை. தேவனின் அம்மாவை எந்தக் கடைக்கு அழைத்துப் போவார், என்ன வாங்கிக் கொடுப்பார் என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் சாய்ந்திருந்தது. பின்வாசல் திறந்திருந்தது. அந்தம்மா காட்டு வேலை முடிந்து குளித்த ஈரத் தலையோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“வா தம்பி. என்னா, நாளைக்கு வர்றதா தானே சொன்னீங்க? எங்க அவன், வேன்லயே தூங்கிட்டானா? உக்காரு, நீயும் ஒரு வாய் சாப்புடு.”

“சாப்புடாதீங்கக்கா” என்றார் அண்ணன்.

கவளம் வாய்க்கு அருகில் நின்றது. அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். “தேவன் போயிட்டான்கா. நேத்து காலைல. கடல் இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. தேடுறாங்க. கெடைச்சாலும் உசுரோட கெடைக்க மாட்டான்.”

அந்தம்மா அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தம்மா கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார். நான் எதிர்பார்த்த கேள்வி அல்ல அது.

“காலைல பசியாறுனானா?”

ஆமா என்று ஒரு வார்த்தை போதும். யார் போய்ச் சோதிக்கப் போகிறார்கள்? வாழ்க்கை முழுக்க மற்றவர்களுக்கு வலிக்காமல் பேசிய மனிதர், இந்த ஒரு பொய்யையும் சொல்லிவிடுவார் என்று நம்பினேன். சொல்ல வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

“இல்லக்கா” என்றார். அதோடு நிறுத்தவில்லை. பாக்சிக் வந்ததை, சொன்னதை, தான் சொல்லாததை, எதையும் விடாமல் சொன்னார். “பசியாறுனப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்கா. அவன் பசியாற வரல.”

“நீ?”

அண்ணன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“நீ பசியாறுனியா?”

“ஆமாக்கா.”

அந்தம்மா விரல்களில் ஒட்டியிருந்த சோற்றைத் தட்டிலேயே உதறினார். தட்டைத் தரையோடு தள்ளினார். அது அண்ணன் கால் விரலில் இடித்து நின்றது.

“இந்தா. இதையும் நீயே தின்னு.”

வெளியே அழைத்துப் போய்விடலாம் என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையை விலக்கிவிட்டார். துண்டை மடியில் போட்டுக்கொண்டு அந்தம்மாவுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். அந்த ரசச் சோற்றை உருட்டி உருட்டித் தின்றார். விக்கல் எடுத்தது. தண்ணீர் கேட்கவில்லை. அந்தம்மா கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பருக்கை வரை வழித்து அண்ணன் தன் வாயில் போட்டுக்கொண்டார். தட்டு காலியான பிறகுதான் அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டு வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.